வைசியாள் வீதி: கீழே தமிழ், மேலே பிரெஞ்சு

புதுச்சேரியில் கலவை சுப்பராய செட்டியார் வீதி என்று கேட்டாலும் இதே தெருதான். இங்குள்ள பழைய மாடிவீடுகளைப் பார்க்கக் காலை ஏழு மணி வாக்கில் போங்க. கிழக்கு மேற்காக ஓடுவதால் அப்போது வெயில் சுவரை ஒட்டிச் சாய்வாக விழும், பூச்சின் மேடுபள்ளம் முழுக்கத் தெரியும். நேரமானால் பைக்குகள் வரிசை கட்டிவிடும், தூணின் அடி கண்ணில் படாது.

முதலில் கீழ்த்தளம். தெருவோரம் மரத்தூண், அதன்மேல் இறங்கும் ஓட்டுத் தாழ்வாரம். இது வழிப்போக்கருக்கு. அதற்குள் உயர்ந்து நிற்கும் திண்ணை வீட்டுக்கு வருபவருக்கு. பிறகு எதிர்ச்சாரிக்குப் போய் நிமிர்ந்து பாருங்க: வளைவுச் சன்னல், ஒட்டுத்தூண், மொட்டைமாடிக் கைப்பிடியில் குட்டித்தூண் வரிசை. எல்லாம் பிரெஞ்சு மோஸ்தர். மேலே உள்ள ஒட்டுத்தூணும் கீழே உள்ள மரத்தூணும் ஒரே நேர்கோட்டில் இல்லையென்றால் மாடி பிற்காலத்தில் ஏறியதோ என்று சந்தேகிக்கலாம். அது ஒன்றே சான்றாகாது.

ஊரை 1761-ல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினார்கள், 1765-லிருந்துதான் மறுபடி எழுந்தது. ஆகவே ‘நானூறு வருஷத்து வீடு’ என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகருங்க. கட்டம் போட்ட தெருவமைப்பு மட்டும் அதற்கு முந்தியது, 1693–99 டச்சுக்காரர் காலத்தது.

*

தூண், திண்ணை, சன்னல் எல்லாம் சொன்னீர்கள், கூரையை விட்டுவிட்டீர்களே சார். மாடியுள்ள வீட்டில் கதவு திறந்திருந்தால், கேட்டுவிட்டு, உள்ளே அண்ணாந்து பாருங்கள். தேக்குக் கட்டைகளுக்கு மேல் மெல்லிய சிறுசெங்கல்லைச் செங்குத்தாக, மூலைவாட்டில், சுண்ணாம்புக் காரையில் அடுக்கியிருப்பார்கள். அதுதான் மெட்ராஸ் டெரஸ். ஒழுகினால் முதலில் உளுப்பது சுவருக்குள் புதைந்த கட்டைமுனை. வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

சுவரில் தரையிலிருந்து மூன்று நாலு அடிக்குச் சிமெண்ட் பூசி, அதற்கு நேர் மேலே வெள்ளை உப்புப் பூத்து காரை உதிர்ந்தால் குற்றவாளி அந்தச் சிமெண்ட்தான். தரை ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறுகிறது. சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுத்து, செங்கல் இணைப்புகளைச் சுரண்டி, சுவரை நன்றாகக் காயவிட்டு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்ற கணக்கில் மெல்லிசாகப் பல பூச்சாகப் பூச வேண்டும். ஈரச் சாக்கு போட்டு மெதுவாக உலரவிடாவிட்டால் வெடிக்கும். பெயிண்டும் சுண்ணாம்புதான், பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் பழைய கதைதான்.

*

கூரை, சுவரோடு வாசல் படிகளையும் எண்ணுங்க. பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, சில வீடுகளில் கீழ்ப்படி பாதி புதைந்திருக்கும். முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் துளை ரோட்டு மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் மழைத்தண்ணி தெருவிலிருந்து உள்ளே வரும். மோட்டார் வைத்து இறைப்பதைவிட, அடுத்த முறை தார் போடுமுன் பழையதைச் சுரண்டி எடுக்கச் சொல்லித் தெருக்காரர்கள் சேர்ந்து மனு கொடுப்பது மேல்.