தமிழ் மின்னஞ்சல் முகவரியைப் படிவங்கள் ஏற்கின்றனவா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மதுரையிலிருந்து:
எங்கள் பகுதி நூலகத்தில் சனிக்கிழமைகளில் இணைய உதவி மேசை போடுகிறோம். பட்டா, உதவித்தொகை என்று விண்ணப்பிக்க வருபவர்கள்தான் அதிகம். போன மாதம் பூக்கட்டும் அக்கா ஒருவர் வந்தார். அவருடைய மகன் தமிழிலேயே மின்னஞ்சல் முகவரி எடுத்துக் கொடுத்திருக்கிறான். பெயரும் தமிழ், @ குறிக்குப் பின்னால் வருவதும் தமிழ், முடிவில் .இந்தியா. எழுத்து எழுத்தாகப் பார்த்து அடித்தார். ‘சரியான மின்னஞ்சலைத் தரவும்’ என்று சிவப்பில் வந்தது. "சரியாத்தானே தம்பி அடிச்சேன்?" என்றார். சரியாகத்தான் அடித்திருந்தார், தப்பு படிவத்தில்.

.இந்தியா 2011-லேயே வந்துவிட்டது. இப்படிப்பட்ட முகவரிகளுக்கு அஞ்சல் போய்வர வேண்டிய தொழில்நுட்ப விதிமுறைகளும் 2012-ல் வெளியாகிவிட்டன. ஆனாலும் ஆங்கில எழுத்து, எண், புள்ளி இவற்றை மட்டும் அனுமதிக்கும் பழைய சோதனை நிரல் வரியைப் படிவம் செய்பவர்கள் நகலெடுத்து ஒட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இணையம் எல்லோருக்கும் என்றால் இந்தப் பெட்டியும் எல்லோருக்கும் திறக்க வேண்டும். எங்காவது சொல்லித் திருத்த முடிந்ததா?

யாழ்ப்பாணத்திலிருந்து:
முடிந்தது தம்பி. .இலங்கை 2010-லேயே வந்தும் எங்கள் பக்கமும் இதே கதைதான். ஒரு பயிற்சி நிலையத்தின் பதிவுப் படிவம் தமிழ் முகவரியைத் தள்ளிவிட்டது. புகார் என்று எழுதாமல், என்ன அடித்தோம், என்ன செய்தி வந்தது, எந்தப் பெட்டியில் என்று திரையைப் பிடித்த படத்தோடு அனுப்பினோம். தளத்தைச் செய்த பொடியன் நல்லவன், உடனே பேசினான். வலைப்பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லில் மின்னஞ்சலுக்கென்று இருக்கும் பெட்டியே @ குறிக்கு முன்னால் தமிழை ஏற்காது. அதைச் சாதாரண எழுத்துப் பெட்டியாக மாற்றினான். அப்புறம் பார்த்தால் உறுதிப்படுத்தும் அஞ்சல் போகவில்லை. முன்கதவு திறந்தும் பின்கதவு பூட்டியே கிடந்தது. அவர்கள் வைத்திருந்த போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் அனுப்பும் மென்பொருள் மிகப் பழையது. 2015-ல் வந்த 3.0 பதிப்பிலிருந்துதான் அதில் இப்படிப்பட்ட முகவரிகளுக்கு அனுப்பும் வசதி. புதுப்பித்த பிறகு அஞ்சல் வந்து சேர்ந்தது. அன்றைக்கு எங்கள் பிள்ளைகள் பட்ட சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

சிங்கப்பூரிலிருந்து:
திறப்பதோடு பாதுகாப்பையும் கவனியுங்கள். எங்கள் சந்திப்பில் ‘ஸ்ரீ’ என்பதை இரண்டு விதமாக அடித்துக் காட்டினேன்: ஒன்று ஸ-வில் தொடங்குவது, மற்றது ஶ-வில் தொடங்குவது. திரையில் இரண்டும் ஒரே உருவம். கணினிக்கோ இரண்டும் வேறு வேறு பெயர். வங்கிப் பெயர் போலவே ஒன்றைப் பதிந்து ஏமாற்ற இது போதும். ‘ஔ’ எழுத்தும் ‘ஒ’, ‘ள’ சேர்ந்ததும் அப்படித்தான். வந்திருந்த பெரியவர்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்கள், அப்போதும் வித்தியாசம் தெரியவில்லை.

தமிழ் உட்பட ஒன்பது எழுத்துமுறைகளுக்கு நியோ-பிராமி குழு என்ற தன்னார்வலர் குழு விதிகள் வகுத்திருக்கிறது. ஆனால் அவை .சிங்கப்பூர் போல முகவரியின் கடைசியில் வரும் உச்சநிலைப் பெயர்களுக்கானவை. அதற்குக் கீழே பதியும் பெயர்களை அவற்றைப் பதிந்து கொடுக்கும் அந்தந்தப் பதிவகம்தான் கவனிக்க வேண்டும். அதனால் உங்கள் நாட்டுப் பதிவகத்துக்கு எழுதிக் கேளுங்கள்: ஒரே உருவம் கொண்ட இரண்டு தமிழ்ப் பெயர்களை இரண்டு பேருக்குக் கொடுப்பீர்களா? பதில் வந்தால் இங்கேயே போடுங்கள். யாழ்ப்பாணத்து அண்ணா, நீங்கள் அனுப்பிய அந்தக் கடிதத்தையும் போட்டால் எங்களுக்கு உதவும்.