டிக்காவா, ருகரா? அல்பேட்டா வெட்டைவெளிக்கு ஒரு ரைபிள்

வெல்லாவெளியான்:
எல்லாருக்கும் வணக்கம். ஊர் மட்டக்களப்பு வெல்லாவெளி. 9 வருசமாகக் கனடாவின் அல்பேட்டாவில் மெடிசின்ஹட் பக்கம் வேலை, லீவில் இப்போது வீட்டில் நிற்கிறேன். 6 வருசம் குலுக்கலுக்குப் போட்டு இந்த முறைதான் ப்ரொங்ஹோர்ன் என்ற மான் மாதிரி விலங்கைச் சுட அனுமதி விழுந்திருக்கிறது. அங்கே எல்லாரும் அதை அன்டலோப் என்பார்கள். உண்மையில் அது ஆபிரிக்க அன்டலோப்பும் இல்லை, நம்முடைய மான் மரை வகையும் இல்லை. தனிக் குடும்பம், வட அமெரிக்காவில் மட்டும்தான் உண்டு. கிடா என்றால் 50 கிலோ அளவில் வரும்.

துவக்கு லைசென்ஸ், வேட்டை வகுப்பு எல்லாம் முடித்துவிட்டேன். இதுவரை கூட்டாளியின் ரைபிளில்தான் பழகினேன். இப்போது சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும். பார்த்துப் பார்த்து இரண்டில் வந்து நிற்கிறேன்: டிக்கா டி3எக்ஸ் லைட், ருகர் அமெரிக்கன் (பழைய மாடல், கடையில் புதிதாகவே இருக்கிறது). இரண்டும் போல்ட் அக்சன் (ஒவ்வொரு வெடிக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளுகிற வகை), இரண்டும் 6.5 கிரீட்மூர் என்ற ரவை வகைக்கு. நான் பார்த்த கடையில் விலை வித்தியாசம் 450 டொலர். ஸ்கோப்பும் சேர்த்து என் கையில் 1800 டொலர்தான். எதை எடுக்க?

இறக்காமம் நானா:
தம்பி, நான் சஸ்கச்சுவானில் 14 வருசம் இருந்துவிட்டு வந்து இப்போது இறக்காமத்தில் வேளாண்மை செய்கிறேன். யோசிக்காமல் ருகரை எடுங்க.

காரணம் சொல்கிறேன். இரண்டு குழலும் குளிர்நிலையில் சுத்தியலால் அடித்துச் செய்கிற குழல்தான். 100 யாரில் (ஒரு யார் மூன்று அடி) மூன்று ரவையை, அதாவது மூன்று குண்டை, ஓர் அங்குலத்துக்குள் போடுகிற ரைபிள்கள் இரண்டும். ப்ரொங்ஹோர்னின் நெஞ்சுக்குள் நமக்கு வேண்டிய இடம் 9 அங்குலம் வரும். அங்கே முக்கால் அங்குலமா, ஓர் அங்குலமா என்று பார்ப்பதில் என்ன இருக்கிறது? அந்த 450 டொலரை இரண்டாகப் பிரியுங்க. பாதியை ஸ்கோப்பில் போடுங்க. மீதிக்கு ரவைப்பெட்டி வாங்கிப் போகும் முன் சுட்டுத் தீருங்க. பழகாத கைக்கு ஃபின்லாந்துக்காரன் செய்த டிக்காவும் ஒன்றுதான், அமெரிக்கன் செய்த ருகரும் ஒன்றுதான்.

லெத்பிரிட்ஜ் மட்டுநகரான்:
நானா சொல்வதில் பாதிதான் சரி. மச்சான், டிக்காவை எடு.

நீ கடையில் நின்று போல்ட்டை இழுத்துப் பார்த்திருப்பாய். அது விசயமே இல்லை. நீ சுடப்போகிற இடம் வேறு. அந்த வெளியில் மரம் கிடையாது, புல்லுக்குள் முழுக்க நாகதாளி, நம்ம ஊர் நாகதாளியின் குட்டி வகை. அதில் வயிறு படப் படுத்து, முழங்கையில் முள் ஏறி, முகத்தில் காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது ரைபிள் உன் கைக்கு இசைய வேண்டும். டிக்காவின் போல்ட் கன்னத்தைச் சோங்கிலிருந்து (தோளில் அணைக்கும் பின்பகுதி) எடுக்காமலே வழுக்கிக்கொண்டு போய் வரும். விசையும் சுத்தம், இழுவை கிடையாது, கண்ணாடிக் குச்சி முறிந்த மாதிரி விடும்.

ருகரின் பழைய மாடலில் பிளாஸ்டிக் முன்பக்கம் மெலிசு. இரண்டுகால் தாங்கியைப் பூட்டி முன்னுக்கு அழுத்தினால் வளைந்து குழலில் முட்டும் என்பது எல்லாரும் சொல்கிற குறை. முட்டினால் ரவை போகும் இடம் மாறும். 100 யாரில் தெரியாது, 300இல் தெரியும்.

இறக்காமம் நானா:
முன்பக்கம் வளையும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதற்கு மருந்தும் லேசானது. தாங்கியைப் பூட்ட வேண்டாம். முதுகுப்பையைக் கீழே போட்டு, ரவைக்கூடு இருக்கும் இடத்துக்குக் கிட்டவாக ரைபிளை வையுங்க. அந்த இடம் வளையாது. நான் சுட்ட காலம் முழுக்கப் பையில் வைத்துத்தான் சுட்டேன்.

போல்ட் வழுக்குவது இரண்டாவது வெடிக்குத்தானே? ப்ரொங்ஹோர்ன் ஓடத் தொடங்கினால் மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் ஓடும். ஓடுகிறதைச் சுடக் கூடாது. முதல் ரவையில் காரியம் முடிய வேண்டும் என்று நினைத்துப் போகிறவனுக்குப் போல்ட்டின் வழுக்கல் பெரிய விசயமில்லை.

லெத்பிரிட்ஜ் மட்டுநகரான்:
இல்லை நானா, இதில் நான் விடமாட்டேன். காயப்பட்டு நிற்கிற மிருகத்துக்கு இரண்டாவது ரவையை உடனே கொடுப்பது நம்ம கடமை. அது ஓட்டத்தில் சுடுவதில்லை. நிற்கும், தள்ளாடும், ஐந்து விநாடி கிடைக்கும். அந்த ஐந்து விநாடிக்குள் போல்ட் இறுகினால் அந்தச் சீவன் இரண்டு மைல் போய்ச் சாகும். 450 டொலர் அதற்குத்தான்.

உன்னிச்சை மாமா:
பிள்ளைகளே, நான் ரைபிள் பிடித்தவனில்லை. உன்னிச்சையில் பயிர்க்காவலுக்கு லைசென்ஸோடு 12 போர் இரட்டைக்குழல் வைத்திருக்கிறேன். அதனால் ஸ்கோப், அங்குலம் எல்லாம் எனக்குத் தெரியாது. ஒன்று கேட்கிறேன். தவறி வெடிக்காமல் தடுக்கிற பூட்டு எங்கே இருக்கிறது?

என் துவக்கில் பூட்டு சோங்கின் கழுத்துக்கு மேலே, பெருவிரலுக்கு நேர் கீழே. வேளாண்மை குடலைக்கு வரும் (நெற்கதிர் உள்ளே பருக்கும்) காலத்தில் பரணில் இருந்தால் இருட்டில் ஒன்றும் தெரியாது. பன்றி வரம்பைக் கிண்டும் சத்தம் மட்டும் கேட்கும். கண் அங்கேயே இருக்கும், பெருவிரல் தானாகப் போய்ப் பூட்டைத் தள்ளும். 25 அடி எடுத்து வைக்கிற தூரத்துக்கு வரும்வரை பார்த்திருப்பேன். பூட்டைத் தேடிய நாள் ஒன்றுகூட இல்லை.

வெல்லாவெளியான்:
மாமா, நல்ல கேள்வி. ருகரின் இந்த மாடலில் நீங்கள் சொன்ன இடத்தில்தான், பெருவிரலுக்குக் கீழே. டிக்காவில் வலப் பக்கத்தில், போல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்பாவின் துவக்கில் பழகிய கைக்கு ருகர் பழகின இடம் மாதிரித்தான் இருந்தது.

லெத்பிரிட்ஜ் மட்டுநகரான்:
முழுதையும் சொல்லு. டிக்காவில் பூட்டுப் போட்டால் போல்ட்டும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். ருகரில் பூட்டுப் போட்டிருந்தாலும் போல்ட் திறக்கும். நடக்கும்போது பையின் வாரில் கொளுவி மேலே எழும்பினால்? வேண்டிய நேரத்தில் ரைபிள் திறந்து கிடக்கும்.

உன்னிச்சை மாமா:
மருமகன், திறந்து கிடந்தால் வெடிக்காது. அது நட்டம்தான், ஆபத்தில்லை. பூட்டுப் போட்டபடியே ரவையை வெளியே எடுக்கலாம் என்றால் எனக்கு அது பெரிய நிம்மதி. டிக்காவில் ரவையை எடுக்கப் பூட்டைத் திறந்தாக வேண்டுமே. உள்ளே ரவை, பூட்டும் திறந்து, கையும் விறைத்திருக்கும். அதைத்தான் நான் யோசிக்கிறேன்.

இறக்காமம் நானா:
இதில் மாமாவோடு நான் நூறு வீதம். அந்த வெளியில் பத்து நிமிசத்துக்கு ஒரு கம்பிவேலி வரும். ப்ரொங்ஹோர்ன் வேலியைப் பாயாது, கீழால் நுழைந்து போகும். நாமும் அதன் பின்னால் வேலி வேலியாக ஏற வேண்டும். ஒவ்வொரு வேலிக்கும் ரவையை எடுத்துவிட்டு ஏறுங்க. இன்னும் நல்லது, படுத்துக் குறிவைக்கும்வரை குழலுக்குள் ரவையே ஏற்றாதீங்க.

லெத்பிரிட்ஜ் மட்டுநகரான்:
சரி, அதில் எனக்கும் மறுபேச்சில்லை. நடக்கும்போது குழல் வெறுமைதான். எந்த ரைபிள் என்றாலும்.

கல்லடி மாணவன்:
ஒரு சந்தேகம். இப்படி ஒரு ரைபிள் நம்ம படுவான்கரையில் பன்றிக்கு உதவாதா? ஏன் எல்லாருக்கும் ஷொட்கன் மட்டும்? அப்புறம், அங்கே மான் சுடலாம் என்றால் இங்கே ஏன் கூடாது?

உன்னிச்சை மாமா:
தம்பி, இங்கே புள்ளிமானும் மரையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, சுட்டால் மறியல். அங்கே எத்தனை நிற்கிறது என்று எண்ணி, அதற்கேற்பக் குலுக்கிக் கொடுக்கிறார்கள். நம்ம காட்டில் அப்படிக் கொடுக்கிற அளவுக்கு எங்கே நிற்கிறது? நான் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது குளக்கட்டில் நின்று கூட்டமாகப் பார்த்திருக்கிறேன். இப்போது கால்தடம் கண்டாலே பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுகிறேன்.

ரைபிள் இங்கே கூடாது என்பதற்குக் காரணம் நம்ம நிலமேதான். என் தோட்டாவுக்கு 40 மீற்றருக்கு அங்காலே பன்றியை விழுத்துகிற சக்தி குறைந்துவிடும். ரைபிள் ரவை குறி தப்பினால் சில கிலோமீற்றர் போகும். எங்கள் வயல் வட்டை சமதரை. அடுத்த வட்டையில் வாடியில் ஒருவன் படுத்திருப்பான், அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

லெத்பிரிட்ஜ் மட்டுநகரான்:
மாமா சொன்னது அங்கேயும் பொருந்தும். மேட்டின் உச்சியில் வானத்தை முதுகாக வைத்து நிற்கிறதைச் சுடக் கூடாது. பின்னால் மண் தெரிய வேண்டும்.

இனி முக்கியமான ஒன்று, காற்று. ஆனி ஆடியில் நம்ம கச்சான் எப்படி அடிக்கும்? அதை நாள் முழுக்க அடிக்க விடு, அதுதான் தென் அல்பேட்டா. 200 யாரில் குறியைச் சரிசெய்து வைத்தால் 6.5 கிரீட்மூர் 300இல் ஏறக்குறைய 7 அங்குலம் கீழே இறங்கும். அது கணக்கு, மனப்பாடம் பண்ணலாம். காற்று அப்படியில்லை. என் முதல் வருசத்தில் 320 யாரில் நின்ற கிடாவுக்கு வைத்தேன். நான் படுத்த பள்ளத்தில் காற்றே இல்லை. நடுவில் இருந்த புல் சாய்ந்திருந்ததை நான் பார்க்கவில்லை. ரவை நெஞ்சுக்கு முன்னால் மண்ணைக் கிளப்பியது. பின்பக்கத்து வெள்ளை மயிரைச் சிலிர்த்துக்கொண்டு மொத்தக் கூட்டமும் போய்விட்டது. படாமல் போனதற்கு இன்றைக்கும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். குறியிலிருந்து அரை அடி பின்னால் போயிருந்தால் வயிறு.

இறக்காமம் நானா:
பார்த்தீங்களா, இதைத்தான் நானும் சொல்கிறேன். அந்த நாள் உங்க கையில் எந்த ரைபிள் இருந்தாலும் அதே மண்தான் கிளம்பியிருக்கும். காற்றைப் படிக்க ரவை செலவழிக்க வேண்டும், ரவைக்குக் காசு வேண்டும்.

லெத்பிரிட்ஜ் மட்டுநகரான்:
நானா, அதே ரவையை டிக்காவிலும் சுடலாம். ஸ்கோப்பைக் கொஞ்சம் குறைத்து வாங்கட்டும். ரைபிள் வாழ்நாளுக்கு, ஸ்கோப்பை இரண்டு வருசத்தில் மாற்றலாம்.

இறக்காமம் நானா:
குறைந்த ஸ்கோப்பில் காசு மிச்சம்பிடித்த ஆள் நான். ஒரு விடியற்காலை வாகனத்தின் சூட்டிலிருந்து குளிருக்குள் எடுத்ததும் உள்ளே பனிப்புகார் பிடித்துவிட்டது. கிடா 200 யாரில் நிற்கிறது, எனக்குப் பால் மாதிரித் தெரிகிறது. சுடாமல் திரும்பினேன். ரைபிளில் குறை வைத்தாலும் கண்ணாடியில் வைக்காதீங்க.

வெல்லாவெளியான்:
இரண்டு நாளாக எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். ருகரைத்தான் எடுக்கப்போகிறேன். பூட்டும் ஒரு காரணம், ஸ்கோப்பும் ஒரு காரணம். மிச்சத்துக்கு 200 ரவை. தாங்கி பூட்டமாட்டேன், பையில் வைத்துத்தான் சுடுவேன். 250 யாருக்கு மேல் இந்த வருசம் வைக்கவே மாட்டேன். கிட்டப் போக முடியாவிட்டால் சுடாமல் வருகிறேன்.

லெத்பிரிட்ஜ் மட்டுநகரான்:
250 என்றது நல்ல முடிவு. ருகர் பற்றி என் எண்ணம் மாறவில்லை. காசு கட்டும் முன் லெத்பிரிட்ஜுக்கு வா. என் டிக்காவில் ஒரு பெட்டி சுடு, ரவை என் செலவு. அதுக்குப் பிறகும் ருகர்தான் என்றால் நானே உன்னோடு கடைக்கு வருகிறேன்.

வெல்லாவெளியான்:
வருகிறேன் மச்சான். அடுத்த மாதம் திரும்பினதும் முதல் சனிக்கிழமை.

உன்னிச்சை மாமா:
மருமகன், மான் விழுந்த படம் எனக்கு வேண்டாம். நீங்க இரண்டு பேரும் சுட்ட இலக்குக் காகிதத்தை அனுப்புங்க. எந்த ஓட்டை எந்த ரைபிள் என்று பக்கத்தில் எழுதியே அனுப்புங்க.