இடுப்பு மூட்டுத் தேய்மானம்: ஊன்றுகோல், ஊசி (புதுப்பிப்பு)

முந்தைய பதிவில் ஊன்றுகோலின் உயரத்தை மட்டும் சொல்லியிருந்தேன்: கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு அளவு. எந்தக் கையில் பிடிப்பது என்று பலர் கேட்டீர்கள். வலது இடுப்பு வலித்தால் இடது கையில்தான். நடக்கும்போது மூட்டை அழுத்துவது உடல் எடை மட்டுமல்ல. உடலைச் சாயாமல் பிடிக்க இடுப்பின் பக்கவாட்டுத் தசை இழுக்கும் இழுப்பும்தான். எதிர்க்கையில் ஊன்றினால் அந்த இழுப்பு குறையும். படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கோலும் வலியுள்ள காலும் முதலில்.

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பவர்கள் கவனிக்க: மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் குறைந்தது 3 மாதமாவது இடைவெளி வேண்டும், இல்லையேல் தொற்று அபாயம் கூடும். தயவுசெய்து ஊசி போட்ட தேதியை அறுவை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். அதே தொற்று அபாயத்துக்காகச் சொத்தைப் பல்லையும் முன்பே சரிசெய்துவிடுங்கள்.