ஹைப்பர்-வி பேக்கப்: ஒரத்தநாடு விஎம்மைச் சேர்த்ததும் ஸ்கிரிப்ட் எரர்

வெண்ணாறு:
தஞ்சாவூரில் ஓர் அரிசி ஆலையின் சர்வர், விண்டோஸ் சர்வர் 2019. அதில் ஹைப்பர்-வியில் ஓடும் விஎம் (சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) மூன்று: 'தஞ்சை-கணக்கு', 'மன்னார்குடி-கணக்கு', 'ஒரத்தநாடு-கணக்கு'. விஎம்மைப் பிரதியெடுக்கும் எக்ஸ்போர்ட்-விஎம் கட்டளையை வைத்து பவர்ஷெல் ஸ்கிரிப்டை விஎஸ் கோடில் எழுதி, ராத்திரி 11 மணிக்கு டாஸ்க் ஷெட்யூலரில் வைத்திருக்கிறேன். ஒரத்தநாடு பெயரைச் சேர்த்தால் மேற்கோள் குறி மூடப்படவில்லை என்று எரர். அதை எடுத்தால் ஸ்கிரிப்ட் ஓடுகிறது, ஆனால் மற்ற இரண்டு விஎம்மும் இல்லை என்கிறது. அதே வரிகளை பவர்ஷெல் விண்டோவில் பேஸ்ட் செய்தால் ஒழுங்காக ஓடுகிறது. பெயர்களை ஷெட்யூலர் ஆர்க்யுமென்டில் கமா போட்டுக் கொடுத்தும் பார்த்தேன். மூன்றையும் ஒட்டி ஒரே பெயராகத் தேடுகிறது.

குடமுருட்டி:
முதல் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். பவர்ஷெல் 5.1, பாம் (BOM, ஃபைலின் தொடக்கத்தில் என்கோடிங்கைச் சொல்லும் அடையாள பைட்டுகள்) இல்லாத யுடிஎஃப்-8 ஃபைலை யுடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளாது, சிஸ்டத்தின் ஆன்சி கோட்பேஜில் (விண்டோஸின் பழைய எழுத்து அட்டவணை) படிக்கும். நம் ஊர் சிஸ்டங்களில் அது பெரும்பாலும் 1252. யுடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்தோ, அதில் சேரும் துணைக்குறியோ, புள்ளியோ ஒவ்வொன்றும் மூன்று பைட், மூன்றும் மூன்று குப்பை எழுத்தாகிவிடும். அதனால்தான் தஞ்சையும் மன்னார்குடியும் கிடைக்கவில்லை.

'ஒ' எழுத்தின் கடைசி பைட் ஹெக்ஸில் 92. கோட்பேஜ் 1252-இல் அது வளைந்த ஒற்றை மேற்கோள் குறி, பவர்ஷெல் அதையும் மேற்கோளாகவே ஏற்கும். ஆகவே ஒரத்தநாட்டின் முதல் எழுத்திலேயே ஸ்டிரிங் மூடிக்கொள்கிறது. நீங்கள் கடைசியில் போட்ட குறி புதிதாக ஒன்றைத் திறக்கிறது. இரட்டை மேற்கோளுக்கு மாற்றினால் 'ஒ' தொல்லை செய்யாது, ஆனால் 'ஓ'வும் 'ஔ'வும் அங்கே அதே வேலையைச் செய்யும். குறியை மாற்றி ஒப்பேற்ற வேண்டாம்.

விஎஸ் கோடில் கீழே வலதுபுறம் யுடிஎஃப்-8 என்று இருப்பதைக் கிளிக் செய்து, "சேவ் வித் என்கோடிங்" போய், "யுடிஎஃப்-8 வித் பாம்" தேர்ந்தெடுங்கள். ஃபார்மட்-ஹெக்ஸில் பார்த்தால் முதல் மூன்று பைட் இஎஃப், பிபி, பிஎஃப் என்று இருக்க வேண்டும். பவர்ஷெல் 7-இல் இந்தச் சிக்கல் கிடையாது.

அரசலாறு:
கமா விஷயம் தனி. ஷெட்யூலரில் "-ஃபைல்" கொடுத்தால் பின்னால் வருவதெல்லாம் வெறும் எழுத்துத்தான், கமா அதைப் பிரிக்காது. பாராமீட்டரை அரே (பட்டியல்) என்று அறிவித்திருந்தாலும் ஒரே உறுப்பாகவே வந்து சேரும். கமாவுக்குப் பின் இடைவெளி விட்டால் பொசிஷனல் பாராமீட்டர் எரர் வரும். ஸ்கிரிப்டுக்குள் ஸ்ப்ளிட் செய்யுங்கள், இல்லை "-கமாண்ட்" போட்டுக் கூப்பிடுங்கள்.

ஃபோல்டர் பாதையின் கடைசியில் \ வைத்து " போட்டு மூடியிருந்தால் அந்த \ ஐ எடுத்துவிடுங்கள். மூடும் குறி பாதையோடு ஒட்டிக்கொண்டு அடுத்த பாராமீட்டரையும் இழுத்துக்கொள்ளும்.

வெண்ணாறு:
பாமோடு சேவ் செய்ததும் மூன்றும் எக்ஸ்போர்ட் ஆகிவிட்டன, நன்றி. மறுநாள் ராத்திரி ஃபோல்டர் ஏற்கெனவே இருக்கிறது என்று நின்றுவிட்டது. ஷெட்யூலரோ 0x0, அதாவது வெற்றி என்று காட்டுகிறது.

குடமுருட்டி:
எக்ஸ்போர்ட்-விஎம் பழையதின் மேல் எழுதாது. தேதி போட்டுத் தினம் ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். ஃபார்மட்டில் மாதத்துக்குப் பெரிய எம் இரண்டு. சின்ன எம் போட்டால் நிமிடம் வந்துவிடும். புதியது முழுசாக முடிந்த பிறகே பழையதை அழியுங்கள்.

0x0-வை நம்பவே கூடாது. எரர் வந்ததும் ஸ்கிரிப்ட் நின்றுவிட, பாரம் பிளாக்குக்கு (பாராமீட்டர்களை அறிவிக்கும் பகுதி) அடுத்த வரியிலேயே எரர்ஆக்‌ஷன்ப்ரிஃபரன்ஸை 'ஸ்டாப்' ஆக்குங்கள். பாரத்துக்கு மேலே போட்டால் பாராமீட்டரே வேலை செய்யாது.