ஸ்வீடன்காரர் வாயில் நம்ம 'ள'வா?

கேள்வி (பல்லிப்பள்ளி):
ஆபீஸ் வீடியோ காலில் ஸ்வீடன்காரர் ஒருவர் 'கார்ல்' என்ற சக ஊழியரைக் கூப்பிட்டார். என் காதில் விழுந்தது சுத்தமான 'காள்'. 'ர்' இருந்த சுவடே இல்லை. பிரமையா?

இன்னொன்று. இந்தி பேசும் நண்பருக்கு ஒரு மாதமாக 'பள்ளி' சொல்லிக் கொடுக்கிறேன், 'பல்லி'தான் வருகிறது. மராத்தி நண்பருக்கோ முதல் தடவையே வந்துவிட்டது. இந்தியிலும் ட இருக்கிறதே, ள மட்டும் ஏன் மக்கர் பண்ணுகிறது?

பதில் (மடக்குநாக்கு):
பிரமை இல்லை, உங்கள் காது சரி. ஸ்வீடிஷில் ர-வுக்குப் பின்னால் ல, ன, த வந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே வளைநா ஒலியாகிவிடும், அதாவது நம்ம ள, ண, ட மாதிரி நாக்கை மடித்துச் சொல்லும் ஒலி. குழந்தைக்கு அவர்கள் சொல்லும் வார்த்தையை 'பார்ன்' என்று எழுதுவார்கள், வாயில் வருவது 'பாண்'. வார்த்தைக்கு உள்ளே மட்டுமல்ல, ஒரு வார்த்தை ர-வில் முடிந்து அடுத்தது த-வில் தொடங்கினாலும் இதே கதைதான். நாள் + தோறும் = நாடோறும் என்று இலக்கண வகுப்பில் படித்தோமே, கிட்டத்தட்ட அந்த வேலை. நார்வேஜியனிலும் இந்தப் பழக்கம் உண்டு. ஆனால் ஸ்வீடனின் தென்கோடியில் ர-வைத் தொண்டையிலிருந்து எடுப்பார்கள். அங்கே போனால் 'காள்' கிடைக்காது.

பதில் (ஈரெழுத்து):
மராத்தியில் ள-வுக்குத் தனி எழுத்தே உண்டு. கறுப்புக்கு அவர்கள் 'காளா', இந்தியில் 'காலா'. குஜராத்தி, ஒடியாவிலும் ள இருக்கிறது. இந்திக்காரர் நாக்கை மடிப்பார், ஆனால் மடித்த நாக்கின் பக்கவாட்டில் காற்றை விட்டுப் பழக்கமில்லை. ரிக்வேதம் தொடங்குவதே 'அக்னிமீளே' என்றுதான். அந்த 'ஈளே' பிற்காலச் சமஸ்கிருதத்தில் 'ஈடே'. இரண்டு உயிருக்கு நடுவில் மாட்டிய ட, வேதத்தில் ள ஆகியிருக்கிறது. அவ்வளவு நெருங்கிய பங்காளிகள்.

ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகளிலும் நிறைய உண்டு. வார்ல்பிரி மொழியின் பெயரில் 'ர்ல்' என்று எழுதுவது இரண்டு ஒலி அல்ல, ஒற்றை ள.

பதில் (நாவிளிம்பு):
அந்தப் பங்காளியைப் பிடித்தே சொல்லிக் கொடுங்கள். 'பட்' என்று சொல்லி நாக்கை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். எடுக்கக் கூடாது. நுனி ஒட்டியபடி இருக்க, விளிம்பை மட்டும் தளர்த்தி, குரலோடு காற்றை இரண்டு பக்கமும் விடட்டும். ள வந்தே தீரும். தொல்காப்பியர் ல, ள இரண்டுக்கும் 'நாவிளிம்பு வீங்கி' என்கிறார்; அண்ணத்தை ஒற்றினால் ல, வருடினால் ள. நானும் கண்ணாடி முன் நின்று பார்த்தேன், விளிம்பு வீங்குவது தெரிகிறது!

(ழ-வைக் காப்பாற்ற ஆயிரம் பேர் வருகிறார்கள். 'பளம்', 'வாளை' என்று அதன் வேலையையும் சேர்த்துச் சுமக்கிற ள-வைக் கேட்க நாதியில்லை.)

பல்லிப்பள்ளி:
'பட்' வைத்தியம் பலித்தது, நேற்று 'பள்ளி' வந்துவிட்டது. இப்போது 'நல்லது' கேட்டால் 'நள்ளது' என்கிறார்.