சார்பியல் தவறு என்று விடாமல் எழுதுபவருக்கு எப்படிப் பதில் சொல்வது?

கேள்வி:
நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாடு அடியோடு தவறு என்று நிறுவிவிட்டதாகக் கூறி, தம் கட்டுரையை நான்காவது முறையாக அனுப்பியிருக்கிறார். முந்தைய மூன்று முறையும் பிழைகளைப் பக்கவாரியாகக் குறித்து அனுப்பினேன். அவற்றைத் தொடாமலேயே புதிதாக ஓர் அத்தியாயம் சேர்ந்து வருகிறது. வயதில் மூத்தவர், மரியாதையாகவே எழுதுகிறார் என்பதால் முகத்தில் அடித்தாற்போல் மறுக்க மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
பிழை திருத்துவதை நிறுத்திவிட்டு, எண்களைக் கேளுங்கள். புதனின் சுற்றுப்பாதை நூற்றாண்டுக்கு 43 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) கூடுதலாகத் திரும்புவதை நியூட்டனின் ஈர்ப்பு விதியால் விளக்க முடியவில்லை. ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியல் 1915இல் அதை விளக்கியது. சார்பியலின்படி, ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் தரையிலுள்ளவற்றைவிட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோவிநாடி முந்தும் என்பதால், அதற்கான திருத்தத்துடனேயே அவை இயங்குகின்றன. இவ்விரண்டு எண்களும் தம் கோட்பாட்டிலிருந்து எப்படி வருகின்றன என்று அவர் ஒரே பக்கத்தில் காட்டட்டும். காட்டிவிட்டால், நாம் எல்லோருமே அவரிடம் பாடம் கேட்க வேண்டியதுதான்.

மறுமொழி 2:
கேட்பதில் தவறில்லை, ஆனால் சோதனையில் தோற்றால் ஒப்புக்கொள்வார் என்று நம்பிவிடாதீர்கள். பூமி தட்டை என்று வாதிட்ட ஜான் ஹாம்ப்டனின் 500 பவுண்டு பந்தயத்தை ஏற்ற இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், 1870இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு கால்வாயில் நீர்ப்பரப்பின் வளைவை அளந்தே காட்டினார். நடுவரின் தீர்ப்பு வாலஸுக்குச் சாதகமாக அமைந்தும், ஹாம்ப்டன் பல ஆண்டுகள் அவரைத் தூற்றி எழுதி, அவதூறுக்காகச் சிறைக்கும் சென்றார். பந்தயப் பணமோ, வழக்காடியதில் வாலஸின் கையில் தங்கவேயில்லை.

மறுமொழி 3:
பாரிஸ் அறிவியல் கழகம், வட்டத்தைச் சதுரமாக்கும் (அதாவது, அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வட்டத்துக்குச் சமப் பரப்புள்ள சதுரம் வரையும்) வழிகளையும், ஆற்றல் எதுவும் தராமலே ஓயாமல் ஓடும் என்று சொல்லப்படும் நிரந்தர இயக்கப் பொறிகளையும் இனி ஆராய்வதில்லை என்று 1775இல் முடிவெடுத்தது. இத்தகைய முயற்சிகளால் குடும்பங்கள் நொடித்துப்போனதையும் காரணமாகக் குறிப்பிட்டது. அதாவது, மறுப்பிலும் ஒரு கரிசனம் இருந்தது. வட்டத்தைச் சதுரமாக்க முடியாது என்பதற்கு கணிதவியலாளர் லிண்டெமானின் நிரூபணம் வந்ததோ 1882இல்தான். கதவை அடைக்க அவர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. நீங்களும் கனிவாக ஒரு கடிதம் எழுதி, அதுவே கடைசி என்றும் அதிலேயே தெரிவித்துவிடலாம்.

கேட்டவர்:
அந்த இரண்டு எண்களையும் கேட்டு இன்றே எழுதுகிறேன். அவை இல்லாமல் வரும் உறையைப் பிரிக்கப்போவதில்லை. தமக்குப் பதில் எழுதும் ஒரே ஆள் நான்தான் என்று சென்ற கடிதத்தில் அவர் குறிப்பிட்டிருந்தார். அந்த ஒரு வரி இல்லையென்றால், இம்முடிவை எப்போதோ எடுத்திருப்பேன்.