160 மீட்டர் கேபிள்: கீசர் போட்டால் விளக்கு மங்குகிறது, மழை பெய்தால் எர்த் லீக்கேஜ் விழுகிறது. உதவி வேண்டும்

ஸ்டேங்கர்_மாமரம்
எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டாலில், ஸ்டேங்கர் ஊரைத் தாண்டி, கரும்புக் காட்டுக்கு நடுவில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். மின்சார நிறுவனமான எஸ்காமின் கம்பமும் மீட்டரும் சாலையோரத்தில் மனை எல்லையில் இருக்கின்றன. வீடு அங்கிருந்து 160 மீட்டர் உள்ளே. சிங்கிள் பேஸ், மெயின் பிரேக்கர் 60 ஆம்ப். முதலில் வேலை பார்த்த எலக்ட்ரீசியன் 10 ஸ்கொயர் எம்எம் செம்புக் கேபிள் புதைத்துக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

இரண்டு தொல்லை. கீசரும் கெட்டிலும் சேர்ந்து ஓடினால் விளக்கு மங்குகிறது, போர்வெல் பம்பு கிளம்பும்போது இன்னும் மோசம். மழை பெய்தால் எர்த் லீக்கேஜ் (மின்கசிவு வந்தால் தானே அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்துவிடுகிறது, ஈரம் காய்ந்த பிறகுதான் மறுபடி போட்டால் நிற்கும். மாமியாருக்கு வயதாகிவிட்டது, மழைக்காலம் முடிவதற்குள் அவரை இங்கே அழைத்துவர வேண்டும். மேஸ்திரி "ஸ்டெபிலைசர் வாங்கிப் போடுங்க, சரியாயிடும்" என்கிறார். வாங்கலாமா?

நெல்லை_வயர்மேன்
தங்கச்சி, ஸ்டெபிலைசருக்குக் காசு கொடுக்காதீங்க. குறைஞ்ச வோல்டேஜைத் தூக்கிக் கொடுக்க அது கேபிளிலிருந்து கூடுதல் கரண்ட் இழுக்கும். கேபிள்தான் காரணம்னா இழப்பு இன்னும் ஏறும்.

முதல்ல அளந்து பாருங்க. எலக்ட்ரீசியனை வெச்சு மீட்டர் பக்கமும் வீட்டு டிபி (பிரேக்கர்கள் இருக்குற பெட்டி) பக்கமும் வோல்டேஜ் எடுக்கணும். எதுவும் ஓடாதப்போ ஒரு தடவை, கீசரும் கெட்டிலும் ஓடும்போது ஒரு தடவை. கூடவே கிளாம்ப் மீட்டரில் எத்தனை ஆம்பியர்னு குறிச்சுக்கோங்க. அப்புறம் எர்த் லீக்கேஜ் எங்கே இருக்கு, மீட்டர் பெட்டியிலா, வீட்டு டிபியிலா?

பினிக்ஸ்_பையன்
அக்கா, பேசாம சோலார் போட்டுட்டு லைனையே விட்டுடுங்க. லோட் ஷெட்டிங்ல, அதான் முறைவெச்சு கரண்ட் நிறுத்தினப்போ, நாங்க பட்ட பாடு இருக்கே!

நெல்லை_வயர்மேன்
தம்பி, சோலார் நல்லதுதான், வேண்டாம்னு சொல்லலை. ஆனா மழையில் லீக்கேஜ் விழுற வயரிங்கில் இன்வெர்ட்டரை மாட்டினா அந்தப் பழுதும் கூடவே இருக்கும். அதை முதல்ல தீர்க்கணும்.

ஸ்டேங்கர்_மாமரம்
அளந்துவிட்டோம் அண்ணா. ஓட்டம் இல்லாதபோது மீட்டரில் 231, டிபியில் 230. கீசரும் கெட்டிலும் ஓடும்போது மீட்டரில் 228, டிபியில் 214. கிளாம்பில் 20 ஆம்பியர் காட்டியது. எர்த் லீக்கேஜ் வீட்டு டிபியில்தான் இருக்கிறது.

நெல்லை_வயர்மேன்
பதில் உங்க கணக்குலேயே இருக்கு தங்கச்சி. 10 ஸ்கொயர் செம்புக்கு ஒரு மீட்டருக்கு, ஒரு ஆம்பியருக்கு 4.4 மில்லிவோல்ட் இழப்பு. 4.4 × 20 × 160, அதை 1000-ஆல் வகுத்தா 14 வோல்ட். நீங்க அளந்ததும் 228-லிருந்து 214, அதே 14. மீட்டர் பக்கம் 3 வோல்ட்தான் இறங்கியிருக்கு, அதனால எஸ்காம் பக்கம் குறை இல்லை. கேபிள் இந்தத் தூரத்துக்குப் பத்தாது. இந்த நாட்டு வயரிங் விதியான எஸ்ஏஎன்எஸ் 10142-1 படி 5 சதவீதத்துக்கு மேல், அதாவது 11.5 வோல்ட்டுக்கு மேல் இறங்கக்கூடாது. நீங்க 20 ஆம்பியரிலேயே அதைத் தாண்டிட்டீங்க.

விளக்கு மங்குறதைவிட என்னைப் பயமுறுத்துறது வேற ஒண்ணு. கேபிளின் மின்தடை போகவர 0.7 ஓம். வீட்டு முனையில் ஷார்ட் ஆனா ஓடக்கூடிய கரண்ட் அதிகபட்சம் 300 ஆம்பியர் சொச்சம்தான். 60 ஆம்ப் பிரேக்கர் சட்டுனு விழ அந்த 60-ஐப் போல அஞ்சிலிருந்து பத்து மடங்கு கரண்ட் தேவைப்படலாம். அந்தக் கரண்ட் போதாம பிரேக்கர் தயங்கினா, அந்த நேரம் முழுக்க கேபிள் சூடாகிட்டே இருக்கும். வயசானவங்க வந்து தங்கப்போற வீடு. இதை மட்டும் தள்ளிப் போடாதீங்க.

அளவு சொல்றேன். ஒரே நேரத்தில் 40 ஆம்பியர்னு வெச்சுக்குவோம். 16 ஸ்கொயரில் 18 வோல்ட் போகும், ஆகாது. 25-இல் 11.2, நூலிழை. வீட்டுக்குள்ளே வயரிங்கில் இன்னும் கொஞ்சம் இழக்க இடமே இல்லை. 35-இல் 8 வோல்ட். நான் 35-தான் போடுவேன். செலவு பயமா இருந்தா அலுமினியம் பாருங்க, ஆனா செம்பைவிடக் கடத்துதிறன் கம்மி. 35-க்குப் பதில் 70 எடுக்கணும். முனையில் செம்பு-அலுமினிய இணைப்புக்கான லக் (கேபிள் முனையில் மாட்டுற உலோகப் பிடி) போடணும், இல்லேன்னா இணைப்பு அரிச்சுச் சூடாகும். ஒரு நன்மை, திருடனுங்க அலுமினியத்தைத் தேடி வர்றது குறைவு.

அடுப்பைக் கேஸுக்கு மாத்திட்டா 40 ஆம்பியருக்குள்ள தாராளமா நிக்கலாம்.

டொங்காட்_பெரியம்மா
மகளே, நான் கரும்புக் காட்டிலேயே வளர்ந்தவள். கேபிளைத் தலைக்கு மேலே இழுக்க யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. அறுவடைக்கு முன் கரும்பைக் கொளுத்துவார்கள், தீயும் புகையும் கம்பி வரைக்கும் எழும். பூமிக்குள்ளேயும் கரும்பு வரிசையில் போகாமல், வண்டிப் பாதையின் ஓரமாக, இரண்டடிக்குக் குறையாமல் இறக்கு. எஃகுக் கவசம் உள்ள கேபிள் வாங்கு. அதன் மேல் ஓரடி விட்டு மஞ்சள் எச்சரிக்கை நாடா போடு. உழவு டிராக்டர் ஓட்டுபவனுக்கு அது ஒன்றுதான் அடையாளம்.

ஸ்டேங்கர்_மாமரம்
ரொம்ப நன்றி பெரியம்மா, பாதை ஓரமாகவே போகிறோம். அண்ணா, மழைக்கு விழும் லீக்கேஜுக்கு என்ன செய்ய?

நெல்லை_வயர்மேன்
லீக்கேஜ் டிபியிலதான் இருக்குங்கிறதால பெரிய கேபிள் மேல சந்தேகம் இல்லை. அந்தக் கருவி தனக்குப் பின்னால் உள்ளதைத்தான் பார்க்கும். ஈரம் படுற இடங்களைப் பாருங்க: வெளி பிளக் பெட்டி, பம்பு இணைப்பு, தோட்ட விளக்கு, மண் கலக்குற மிக்ஸரின் எக்ஸ்டென்ஷன்.

பிரேக்கரை ஒவ்வொண்ணா இறக்கிப் பார்த்து ஏமாந்துடாதீங்க. சிங்கிள் போல் பிரேக்கர் பேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் எங்கேயோ எர்த்தைத் தொட்டுட்டிருந்தா, அந்தச் சர்க்யூட்டின் பிரேக்கர் கீழே இருந்தாலும் லீக்கேஜ் விழும். எலக்ட்ரீசியன் மெயினை அணைச்சு, நியூட்ரல் பாரிலிருந்து ஒவ்வொரு வயரையும் கழட்டி, 500 வோல்ட் இன்சுலேஷன் டெஸ்டரில் பார்க்கணும். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டுற சர்க்யூட்தான் குற்றவாளி. லீக்கேஜை எடுத்துட்டு நேரா இணைச்சுத் தர்றேன்னு யாராவது சொன்னா வாசலோடு அனுப்பிடுங்க. 30 மில்லிஆம்பியரில் விழுறது உயிரைக் காக்கத்தான்.

இன்னொண்ணு, சிஓசி, அதாவது வயரிங் விதிப்படி இருக்குன்னு எலக்ட்ரீசியன் தர்ற சான்றிதழ். முதல் எலக்ட்ரீசியன் கொடுத்தாரா? கொடுத்திருந்தா டெஸ்ட் ரிப்போர்ட் கூடவே இருக்கணும், அது இல்லாத சிஓசி செல்லாது. கேபிள் மாத்தினதுக்கும் புதுசா வாங்கணும். தொழிலாளர் துறையில் பதிவு உள்ளவரானு கேளுங்க. சிங்கிள் பேஸுக்கு 'சிங்கிள் பேஸ் டெஸ்டர்'னு பதிவு உள்ள ஆள் போதும், த்ரீ பேஸ்னா அதுக்கு மேல் தகுதி உள்ள 'இன்ஸ்டலேஷன் எலக்ட்ரீசியன்'தான் கையெழுத்துப் போட முடியும்.

ஸ்டேங்கர்_மாமரம்
கண்டுபிடித்துவிட்டோம்! பின்வாசல் வெளி பிளக் பெட்டியில் ஒரு ஸ்க்ரூ நியூட்ரல் வயரைக் கிழித்திருந்தது. நனைந்ததும் தகரப் பெட்டி வழியாக எர்த்துக்குப் போயிருக்கிறது. டெஸ்டரில் 1 மெகாஓமுக்கு வெகு கீழே காட்டியது. வயரை மாற்றி, மழை தாங்கும் பெட்டி போட்டு, ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துப் பார்த்தோம், விழவில்லை. கேபிளுக்கு 70 அலுமினியம் சொல்லியிருக்கிறோம், கேஸ் அடுப்பும் வந்துவிட்டது. புதிய எலக்ட்ரீசியன் பதிவுச் சான்றைக் காட்டினார், கேபிள் முடிந்ததும் டெஸ்ட் ரிப்போர்ட்டோடு சிஓசி தருகிறார்.

த்ரீ பேஸ் கேட்கலாம் என்று கணவர் சொல்கிறார். அவசியமா?

நெல்லை_வயர்மேன்
வீட்டுக்கு மட்டும்னா வேண்டாம் தங்கச்சி. எஸ்காமின் கிராமப்புறக் கட்டணத் திட்டமான லேண்ட்ரேட்டில் நிலையான கட்டணம் ஒவ்வொரு நாளுக்கும் சேரும், நீங்க ஒரு யூனிட் எரிக்கலைன்னாலும். பெரிய பம்போ, பட்டறையோ போடுற எண்ணம் இருந்தா மட்டும் கேளுங்க. அந்தக் காசில் டிபிக்குள்ளே ஒரு சர்ஜ் அரெஸ்டர் (திடீர்னு எகிறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடுற கருவி) போடுங்க, நட்டால் இடிமின்னலுக்கு அதுதான் முதல்ல தேவை.